எல்லை தாண்டிய பள்ளிக்கூடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். நேரம் இருப்பவர்கள் இப்போது படியுங்கள், மற்றவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் தோஹாவில் இருக்கும் பழைய மாணவர். இன்னொருவர் கோலாலம்பூருக்கு மாற்றல் வாங்கிப் போகும் மாணவி. மூன்றாவது என் அண்ணன் மகள். அவள் பெண் ஐந்தாம் வகுப்பு வரை நம் ஊர் அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போது மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனியே கட்டுகிறதாம். "சித்தப்பா, அரசுப் பள்ளியிலிருந்து நேரே இன்டர்நேஷனல் ஸ்கூலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பிள்ளை தாங்குமா? இல்லை, இங்கேயே அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகவா?" என்று கேட்டாள்.

எந்தப் பள்ளியில் நீச்சல் குளம் இருக்கிறது, எங்கே கட்டணம் குறைவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் வரலாற்று வாத்தியார். எனக்குத் தெரிந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். பதிலை அதிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். வகுப்பில் சொன்னதுதான், மறந்திருப்பீர்கள். அமெரிக்காவில் 'பப்ளிக் ஸ்கூல்' என்றால் அரசு நடத்தும் இலவசப் பள்ளி. இங்கிலாந்தில் அதே சொல் ஈட்டன், ஹாரோ போன்ற பணக்காரத் தனியார் பள்ளிகளைக் குறிக்கும். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருக்கும் பள்ளிகள் இங்கிலாந்து அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டவை. நான் இங்கே பேசுவது முதல் அர்த்தத்தில், அதாவது எல்லார் பிள்ளையும் போகும் பொதுப் பள்ளி.

'சர்வதேசப் பள்ளி' என்பதும் நேற்று முளைத்த வியாபாரம் அல்ல. முதல் உலகப் போர் முடிந்து சர்வதேச சங்கமும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் ஜெனீவாவில் அலுவலகம் திறந்தன. பல நாடுகளிலிருந்து வந்த அதிகாரிகளின் பிள்ளைகள் எங்கே படிப்பது? அந்தக் கேள்விக்குப் பதிலாக 1924இல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. இன்று உலகம் முழுக்க 'ஐபி' என்று சொல்லப்படும் பாடத்திட்டம் 1968இல் அதே நகரத்தில் அமைப்பு வடிவம் பெற்றது. ஹிட்லரை எதிர்த்ததால் 1933இல் சிறைப்பட்டு, ஜெர்மனியை விட்டு இங்கிலாந்து போன கர்ட் ஹான் என்ற ஆசிரியரின் எண்ணத்தில் பிறந்தது அட்லாண்டிக் கல்லூரி. 1962இல் வேல்ஸ் கடற்கரைக் கோட்டை ஒன்றில் அது திறக்கப்பட்டது. போரில் மோதிக்கொண்ட நாடுகளின் பிள்ளைகளை ஒரே விடுதியில் தங்க வைத்துப் படிக்கவைத்தால் அடுத்த போர் வராது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் வழியில் வந்தவைதான் ஐக்கிய உலகக் கல்லூரிகள். புனே அருகே 1997இல் தொடங்கியதும் அந்த வரிசையில் ஒன்று.

ஆனால் பொதுப் பள்ளியை விட்டு எல்லை தாண்டி ஒரு தனியார் பள்ளிக்குப் போவது என்ற விஷயம் வாழ்வா சாவா என்று ஆன இடம் ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்கா.

1950க்கு முன் அங்கே கறுப்பினப் பிள்ளைகள் படித்த பள்ளிகளில் பெரும்பாலானவை கிறித்தவ மிஷன் பள்ளிகள். அரசு கொஞ்சம் மானியம் தரும், மிஷன் நடத்தும். நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே ரோசட்டன்வில் என்ற இடத்தில் இருந்த செயின்ட் பீட்டர்ஸ் அப்படிப்பட்ட ஒரு பள்ளி. 'கறுப்பர்களின் ஈட்டன்' என்றே அதைச் சொல்வார்கள். ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசைப் பின்னாளில் வெளிநாட்டிலிருந்து வழிநடத்திய ஆலிவர் டாம்போ அங்கே படித்தவர். பிறகு அங்கேயே கணக்கும் அறிவியலும் கற்றுக்கொடுத்தவர். ஹியூ மசகேலா என்ற பையனுக்கு அங்கிருந்த பாதிரியார் ட்ரெவர் ஹடில்ஸ்டன் ஒரு ட்ரம்பெட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பையன் பிறகு உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர் ஆனார்.

1953இல் 'பான்டு கல்விச் சட்டம்' வந்தது. கொண்டுவந்தவர் அப்போது சுதேசிகள் விவகார அமைச்சராக இருந்த ஹென்ட்ரிக் வெர்வூர்ட். இவர் படிக்காதவர் அல்ல. ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். வெள்ளையர் சமூகத்தில் கறுப்பருக்குச் சிலவகைக் கூலி வேலைகளுக்கு மேல் இடமில்லை, ஆகவே அதற்கு மேல் கற்றுக்கொடுப்பது வீண் என்பதுதான் அவர் வாதம். அதை ஒளிவுமறைவாகச் சொல்லவில்லை, அவையிலேயே விளக்கிச் சொன்னார்.

சட்டம் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். பள்ளிக்குப் பூட்டுப் போடவில்லை. மிஷன் பள்ளிகளிடம், "பள்ளியை அரசிடம் ஒப்படையுங்கள், இல்லாவிட்டால் மானியம் கிடையாது" என்றார்கள். பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் எல்லாம் சுதேசிகள் விவகாரத் துறையின் கைக்குப் போயின. எதிர்த்த ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று இரண்டு ஷிப்டில் பிள்ளைகள் படித்தார்கள். கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 1975-76இல் ஒரு வெள்ளைப் பிள்ளையின் படிப்புக்கு அரசு வருடத்துக்கு 644 ராண்ட் செலவழித்தது. ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 42 ராண்ட். எத்தனை மடங்கு என்று கணக்கு வாத்தியார்களின் மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் கதையையும் சொல்லியாக வேண்டும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் போய் இறங்கிய கரும்புத்தோட்டக் கூலிகளின் வழிவந்தவர்கள் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்களில் கணிசமானோர் தமிழர்கள். அவர்களுக்கு அரசு தானாக முன்வந்து பள்ளி கட்டித் தரவில்லை. ஊர் கூடிப் பணம் போட்டுத்தான் பல பள்ளிகள் எழுந்தன. 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா போனவர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. அரசியலுக்கு வருவதற்கு முன் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். தலைமையாசிரியர் எங்கே போனாலும் தலைமையாசிரியர்தானே! அங்குள்ள இந்தியர்களிடம் நிதி திரட்டி டர்பனில் அவர் எழுப்பிய உயர்நிலைப் பள்ளிதான் சாஸ்திரி கல்லூரி. அந்த ஊர் இந்திய ஆசிரியர்கள், டாக்டர்கள், வக்கீல்கள் என்று ஒரு தலைமுறையே அந்தப் பள்ளியிலிருந்து வந்தது. ஆனால் 1965இல் இந்தியர் கல்விக்கும் தனிச் சட்டம் போட்டு, தனித் துறையின் கீழ் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்வித்துறை என்று ஆனது.

சரி, செயின்ட் பீட்டர்ஸ் என்ன ஆனது? அதை நடத்திய பாதிரிமார்கள், "இந்தச் சட்டத்தின் கீழ் பள்ளி நடத்துவதைவிட மூடுவது மேல்" என்று முடிவெடுத்தார்கள். 1956இல் பள்ளி மூடப்பட்டது. அதன் கடைசித் தலைமையாசிரியர் மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேயர். எந்த நிறத்துப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று அவர் நினைத்தார். தென்னாப்பிரிக்காவுக்குள் அதற்குச் சட்டத்தில் இடமில்லை. எனவே எல்லைக்கு அந்தப் பக்கம் பார்த்தார்.

அந்தப் பக்கம் இருந்தது சுவாசிலாந்து, இன்றைய எஸ்வாட்டினி. மூன்று பக்கம் தென்னாப்பிரிக்கா, ஒரு பக்கம் பெரும்பாலும் மொசாம்பிக் என்று நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன ராஜ்ஜியம். அப்போது பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்ததால் வெர்வூர்டின் சட்டம் அங்கே செல்லாது. தலைநகர் உம்பாபானேக்கு மேலே ஒரு குன்றில் 1963இல் வாட்டர்ஃபோர்டு பள்ளி திறக்கப்பட்டது. முதல் வருடம் சேர்ந்தவர்கள் 16 பையன்கள். கட்டடங்களை வடிவமைத்தவர் மொசாம்பிக்கில் வாழ்ந்த போர்த்துகீசியக் கட்டடக் கலைஞர் பான்ஷோ கெடஷ். 1967இல் மன்னர் இரண்டாம் சோபுசா பள்ளிக்கு 'கம்லாபா' என்று பெயர் சூட்டினார். மண்ணைச் சேர்ந்தது என்று அதற்குப் பொருள். எல்லாரும் ஒரே மண்ணின் பிள்ளைகள், அதில் வேற்றுமை இல்லை என்பது அதன் உட்பொருள். வாட்டர்ஃபோர்டு கம்லாபா என்றுதான் இன்றும் அழைக்கிறார்கள்.

அங்கே யார் யார் பிள்ளைகள் படித்தார்கள் என்று பார்த்தால், அந்தக் காலத்துத் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டுவது போல இருக்கும். பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் பிள்ளைகள், வால்டர் சிசுலு குடும்பத்துப் பிள்ளைகள், போட்ஸ்வானாவின் முதல் குடியரசுத் தலைவர் செரட்சே காமாவின் மகன் இயன் காமா. அவரும் பின்னாளில் அதே நாட்டுக் குடியரசுத் தலைவர் ஆனார்.

நெல்சன் மண்டேலாவின் மகள்கள் ஜெனானி, ஜின்ட்சி இருவரும் இதே பள்ளிக்கு வந்தவர்கள்தான். அப்பா 1962இல் கைதானார், 1964இல் ஆயுள் தண்டனை. அம்மா வின்னியைப் போலீஸ் விடாமல் துரத்தியது. அந்தப் பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பின்னாலேயே போலீஸ் போகும், பள்ளி பயந்துபோய்ப் பிள்ளைகளை வெளியே அனுப்பும். வேறு வழியில்லாமல்தான் எல்லை தாண்டி சுவாசிலாந்துக்கு அனுப்பினார்கள். கட்டணம் கட்ட நண்பர்கள் உதவினார்கள். நல்ல பள்ளி கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலை, அம்மாவை விடுமுறைக்கு மட்டும் பார்ப்பது. வந்து பார்க்கும் வேளையில் அம்மாவே சிறையில் இருந்ததும் உண்டு. 16 வயது நிறையாத பிள்ளைகளுக்கு ராபன் தீவுச் சிறையில் அப்பாவைப் பார்க்க அனுமதி கிடையாது.

எல்லை தாண்டிய வாழ்க்கை ஓர் எதிர்பாராத வாசலையும் திறந்தது. ஜெனானி 1977இல் சுவாசிலாந்து அரச குடும்பத்து இளவரசர் ஒருவரை மணந்தார். அதனால் அவருக்கு ராஜதந்திர அந்தஸ்து கிடைத்தது. மறுவருடம் கைக்குழந்தையோடு ராபன் தீவுக்குப் போனபோது, மற்றவர்களைப் போலக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பேச வேண்டியதில்லை. அப்பாவும் மகளும் ஒரே அறையில் சந்தித்தார்கள். கல் உடைத்துக் காய்த்துப்போன கையில் பேத்தியை வாங்கி, சந்திப்பு முடியும் வரை மண்டேலா கீழே விடவில்லை. குழந்தைக்கு ஜஸிவே என்று பெயர் வைத்தார். நம்பிக்கை என்று பொருள்.

இதுவரை படித்தவர்கள், "சார், அப்படியானால் வெளிநாட்டுத் தனியார் பள்ளிதான் சரி என்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். பொறுங்கள், கதையின் மறுபாதி இருக்கிறது.

வாட்டர்ஃபோர்டுக்குப் போனவர்கள் சில நூறு பேர். லட்சக்கணக்கான பிள்ளைகள் அந்த 42 ராண்ட் பள்ளிகளில்தான் இருந்தார்கள். 1974இல் அரசு ஓர் ஆணை போட்டது. கறுப்பினப் பிள்ளைகளின் பாடங்களில் பாதியை, கணக்கு உட்பட, ஆப்ரிகான்ஸ் மொழியில் நடத்த வேண்டும் என்றது. பல ஆசிரியர்களுக்கே அந்த மொழி சரியாக வராது. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டது. 12 வயது ஹெக்டர் பீட்டர்சன் இறந்தான். அவனை ஓர் இளைஞன் கையில் தூக்கி ஓட, அக்கா கூடவே அழுதுகொண்டு ஓடும் படத்தை வகுப்பில் காட்டியிருக்கிறேன். சாம் நிசிமா எடுத்த படம். அந்தப் பிள்ளைகள் தொடங்கியது அடங்கவில்லை. நாட்டையே அசைத்தது மோசமான பள்ளிகளில் விடப்பட்ட பிள்ளைகள்தான் என்பதை மறக்கக் கூடாது.

அதன் பிறகு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். அவர்களுக்காக ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1978இல் தான்சானியாவில் மொரோகோரோ அருகே மசிம்புவில் ஒரு பள்ளி தொடங்கியது. நிலம் தந்தது நைரேரேயின் அரசு. 1979இல் 22 வயதில் தூக்கிலிடப்பட்ட சாலமன் மஹ்லாங்குவின் பெயரை அதற்கு வைத்தார்கள். அதுவும் வெளிநாட்டில் இருந்த பள்ளிதான். அங்கே கட்டணம் இல்லை, ஊர் திரும்பும் நாளும் தெரியாது. படிப்போடு பண்ணை வேலையும் கட்டட வேலையும் உண்டு. 1992இல் அந்த வளாகத்தைத் தான்சானியாவிடமே ஒப்படைத்துவிட்டு நாடு திரும்பினார்கள்.

வாட்டர்ஃபோர்டு 1981இல் ஐக்கிய உலகக் கல்லூரிகளில் சேர்ந்தது, இன்றும் சிறப்பாக நடக்கிறது. விடுதலைக்குப் பின் மண்டேலாவே அந்த அமைப்பின் தலைவர் பொறுப்பில் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் 1996இல் பள்ளிகள் சட்டம் வந்து, நிறவாரியான கல்வித்துறைகள் போய் ஒரே பொது அமைப்பு வந்தது. ஏழு வயதிலிருந்து பதினைந்து வரை படிப்பு கட்டாயம் ஆனது.

ஆனால் 2021இல் நடந்த சர்வதேச வாசிப்பு ஆய்வின் முடிவைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்குப் பொருள் புரிந்து படிக்க வரவில்லை. சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். நாற்பது வருடம் கெடுத்த பள்ளியைத் திருப்பிக் கட்ட அதைவிட அதிக வருடம் ஆகும். வசதியுள்ளவர்கள் எல்லாருமே நல்ல பள்ளியைத் தேடி வெளியே போய்விட்டால், அந்த வேலையைக் கேட்டு வாங்கவே ஆள் இருக்காது.

இப்போது அண்ணன் மகளுக்கும் மற்ற இருவருக்கும் என் பதில்.

கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை தாய் தகப்பனோடு இருப்பதுதான் முதல் பள்ளி. மண்டேலா பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு பறிக்கப்பட்டது. உங்களுக்கு யாரும் பறிக்கவில்லை, நீங்களாக விடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை தாங்குமா என்ற பயம் வேண்டாம். முதல் ஆறு மாதம் ஆங்கிலம் தடுமாறும், பிறகு சரியாகிவிடும். பல வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பழகியவளுக்கு, பல நாட்டுப் பிள்ளைகளோடு உட்காருவது பெரிய காரியமே அல்ல.

சேர்க்கும் முன் அந்தப் பள்ளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கே பல நாட்டுப் பிள்ளைகள் நிஜமாகவே படிக்கிறார்களா, அல்லது பலகையில் மட்டும் 'சர்வதேசம்' இருக்கிறதா? பாதியில் ஊர் திரும்ப நேர்ந்தால், அங்கே படித்த வகுப்பை இங்கே ஏற்றுக்கொள்வார்களா? இரண்டாவது கேள்வியை முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை. வேலை போகும் நாளில் தேதி சொல்லிவிட்டுப் போகாது.

தமிழை வீட்டில் விடாதீர்கள். தினம் அரைமணி நேரம் வாசிக்கவும் எழுதவும் வையுங்கள். பேச மட்டும் தெரிந்தால் பாட்டியோடு போனில் பேசலாம், அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இது வெளிநாட்டில் இருக்கும் எல்லா மாணவர்களுக்கும். பிள்ளை விட்டுப்போன பள்ளியோடு உறவை முறித்துக்கொள்ளாதீர்கள். அவள் எழுந்து போன பெஞ்சில் இந்த ஜூனில் இன்னொரு பிள்ளை வந்து உட்காரும். அதன் அப்பாவுக்குக் கட்டணம் கட்ட எந்தக் கம்பெனியும் கிடையாது. நம் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் அதில் சேருங்கள். வெளியூரில் இருப்பவர்கள் லீவுக்கு வரும்போது ஒருநாள் பள்ளிக்குப் போய், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, நூலகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தலைமையாசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். பணம் பிறகு, முதலில் போய்ப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றிய அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கோலாலம்பூர் போகிறவளுக்கு உதவியாக இருக்கும். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்தும் உரிமை இன்றைக்கு உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்